சின்ன டேங்க், பெரிய பைப்: பெரிய பைக்ல லித்தியம் பேட்டரி எப்படி வேலை செய்யுது

போன வருஷம் என் இன்டர்செப்டர் 650க்கு பேட்டரி போச்சு. ஸ்டார்ட்டர் பட்டன அமுக்கினா "டக்"னு ஒரு சத்தம், அவ்ளோதான். புல்லட் மாதிரி உதைச்சு கிளப்பலாம்னா இதுல கிக்கரும் கிடையாது. கடைக்குப் போனா கடைக்காரர் ரெண்டு டப்பாவ எடுத்து மேஜை மேல வச்சாரு, ஒண்ணு வழக்கமா வர்ற லெட் ஆசிட், அதாவது ஈய பேட்டரி, தூக்கினா நாலு கிலோ கிட்ட இருக்கு, இன்னொண்ணு பாக்க கிட்டத்தட்ட அதே சைஸ்தான், ஆனா தூக்கினா கை சும்மா மேல வந்துருச்சு, ஒரு கிலோ கூட இருக்குமான்னு தெரியல. "என்னண்ணே, ஷோகேஸ்ல வைக்கிற டம்மியா?"ன்னு கேட்டேன். "லித்தியம் தம்பி, வெலதான் மூணு மடங்கு"ன்னாரு. ஆசை யார விட்டுச்சு, வாங்கிட்டேன். நாலு மாசத்துல அத நானே கொன்னுட்டேன், அந்தக் கதைய கீழ சொல்றேன். அதுக்கப்புறம்தான் இது எப்படி வேலை செய்யுதுன்னு உக்காந்து படிச்சேன். அப்பவே யாராவது எனக்கு இத சொல்லியிருந்தா காசு மிச்சம், அதான் எழுதறேன்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், பெட்ரோல் பைக்ல பேட்டரியோட வேலை என்ன? எலக்ட்ரிக் ஸ்கூட்டர்ல பேட்டரிதான் பெட்ரோல் டேங்க், அதுல எவ்ளோ தேங்கி இருக்கோ அவ்ளோ தூரம் போலாம். நம்ம பைக்ல கதையே வேற. இன்ஜின் ஓட ஆரம்பிச்சதும் உள்ள இருக்கிற ஸ்டேட்டர் கரண்ட் உற்பத்தி பண்ணி லைட்டு, ஹார்ன், ஈசியூங்கற இன்ஜின் கம்ப்யூட்டர் எல்லாத்தையும் பாத்துக்கும், கூடவே பேட்டரியையும் நிரப்பும். பேட்டரிக்கு உண்மையான சோதனை அந்த ரெண்டு செகண்டுதான், இன்ஜின சுத்தி விடற நேரம்.

சின்னதா ஒரு கணக்கு போடுவோம். பெரிய ட்வின் சிலிண்டர் இன்ஜின சுத்த ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல சாதாரணமா இழுக்கும், 150 ஆம்பியர்னே வச்சுக்குவோம், ரெண்டு செகண்டு. 150 பெருக்கல் 2, 300 ஆம்பியர் செகண்டு, அத 3600ஆல வகுத்தா 0.083 ஆம்பியர் அவர் வருது. இன்டர்செப்டர்ல கம்பெனி குடுக்கிற பேட்டரி 12 ஆம்பியர் அவர், சுருக்கமா 12 ஏஹெச். அதாவது ஒரு தடவை ஸ்டார்ட் பண்ண, பேட்டரில இருக்கிறதுல நூத்துல ஒரு பங்கு கூட செலவாகல! அப்ப எதுக்கு 12 ஏஹெச்? ஏன்னா லெட் ஆசிட்ல அவ்ளோ பெரிய டப்பா வச்சாதான் அந்த 150 ஆம்பியர் வேகம் கிடைக்கும்.

இத தண்ணி டேங்க் மாதிரி நினைச்சுக்கோங்க. மொட்ட மாடில ஆயிரம் லிட்டர் டேங்க் இருக்கு, ஆனா கீழ வர்ற பைப் அரை இஞ்ச். பக்கத்து வீட்ல முந்நூறு லிட்டர் டேங்க்தான், ஆனா ரெண்டு இஞ்ச் பைப். ஒரு பக்கெட் தண்ணி ஒரே அடியில வேணும்னா யாரு வீட்ல சீக்கிரம் நிரம்பும்? பக்கத்து வீட்லதான். அதே சமயம் மோட்டார் ரெண்டு நாள் ரிப்பேர்னா யாரு முதல்ல குடத்த தூக்கிட்டு தண்ணி லாரிக்கு ஓடுவாங்க? அதுவும் பக்கத்து வீட்டுக்காரங்கதான். லெட் ஆசிட்ங்கறது பெரிய டேங்க் சின்ன பைப், லித்தியம்ங்கறது சின்ன டேங்க் பெரிய பைப். இந்த ஒரு விஷயம் மண்டைல ஏறிட்டா லித்தியத்தோட நல்லது கெட்டது ரெண்டுமே தன்னால புரிஞ்சுடும்.

கெமிஸ்ட்ரிய ரொம்ப இழுக்க மாட்டேன். லெட் ஆசிட்ட பிரான்ஸ்காரரு காஸ்டன் பிளான்டே 1859ல கண்டுபிடிச்சாரு, உள்ள ஈயத் தகடு, கந்தக அமிலம், ஒரு செல்லுக்கு ரெண்டு வோல்ட் சுமாரு, ஆறு செல் சேத்தா பன்னெண்டு. ஈயம்னா எவ்ளோ வெயிட்னு மீன் பிடிக்கிற வலைய தூக்கிப் பாத்தவங்களுக்குத் தெரியும். லித்தியம் உலோகத்துலயே ரொம்ப லேசானது. பைக் ஸ்டார்ட்டர் பேட்டரியா வர்றது பெரும்பாலும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை, சுருக்கமா எல்எஃப்பி, ஒரு செல்லுக்கு 3.2 வோல்ட், நாலு செல்லு வரிசையா கோத்தா 12.8. அதிர்ஷ்டம்னுதான் சொல்லணும், பன்னெண்டு வோல்ட் பைக்குக்கு அப்படியே பொருந்திடுது. இந்த எல்எஃப்பி 1990கள்ல டெக்சாஸ் பல்கலைக்கழகத்துல ஜான் குட்இனஃப்னு ஒரு பெரியவரோட குழு கண்டுபிடிச்சது, லித்தியம் பேட்டரி வேலைக்காக அவருக்கு 2019ல நோபல் பரிசு குடுத்தாங்க, அப்ப வயசு 97, அவ்ளோ வயசுல நோபல் வாங்கினவங்க வேற யாரும் கிடையாது.

"லித்தியமா, வெடிக்குமே"ன்னு வீட்ல கேப்பாங்க. எங்க வீட்லயும் கேட்டாங்க, நியாயமான கேள்வி. 2022ல வேலூர்ல வீட்ல சார்ஜ் போட்டிருந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடிச்சு அப்பாவும் மகளும் இறந்துபோனத யாரு மறக்க முடியும். 2013 ஜனவரில போயிங் 787 விமானத்துல பேட்டரி எரிஞ்சு அந்த மாடல் விமானத்தையே கொஞ்ச நாள் பறக்க விடாம நிறுத்தி வச்சாங்க, அது கோபால்ட் ஆக்சைடு வகை. லித்தியம்ங்கறது ஒரு குடும்பப் பேரு மாதிரி, உள்ள நிறைய பேரு இருக்காங்க, எல்லாருக்கும் ஒரே குணம் இல்ல. கோபால்ட் வகையெல்லாம் சூடு தாண்டினா உள்ள இருக்கிற ஆக்சிஜன தானே வெளிய விடும், தீக்கு அதுவே தீனி. பாஸ்பேட்ல ஆக்சிஜன் பாஸ்பரஸோட கெட்டியா ஒட்டிட்டு இருக்கு, சுலபமா விடாது, அதனால எல்எஃப்பி அவ்ளோ சீக்கிரம் பத்திக்காது. அதுக்காக எரியவே எரியாதுன்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. உள்ள இருக்கிற எலக்ட்ரோலைட் எரியற சாமான்தான், ஓவர்சார்ஜ் பண்ணினா, ஷார்ட் பண்ணினா உப்பும், புகையும். உப்பின பேட்டரிய மறுபடி சார்ஜ்ல போடவே கூடாது, அவ்ளோதான் ரூல்.

சரி, இப்ப டப்பா மேல எழுதியிருக்கிறதுக்கு வருவோம், ஏன்னா பாதி பேரு ஏமாறது இங்கதான். லித்தியம் டப்பால "12 ஏஹெச்"னு போட்டிருக்கும், பக்கத்துல பொடி எழுத்துல "பிபி ஈக்யூ"ன்னு ஒண்ணு இருக்கும். பிபின்னா ஈயம். அதாவது "ஸ்டார்ட் பண்ற விஷயத்துல இது 12 ஏஹெச் ஈய பேட்டரிக்கு சமம்"னு அர்த்தம், உள்ள உண்மையில 12 ஏஹெச் இருக்குன்னு அர்த்தம் இல்ல. நிஜமா உள்ள இருக்கிறது பல பிராண்டுல அதுல மூணுல ஒரு பங்குதான், நாலு ஏஹெச் சுமாரு. முந்நூறு லிட்டர் டேங்க் ஞாபகம் வருதா. பொய்னு சொல்ல முடியாது, ஆனா கடைல யாரும் வாயத் தொறந்து சொல்றதில்ல. வாங்கும்போது "நிஜ ஏஹெச் எவ்ளோ, வாட் அவர் எவ்ளோ"ன்னு கேளுங்க, வாட் அவர்ல ஏமாத்த முடியாது, அத 12.8ஆல வகுத்தா நிஜ ஏஹெச் வந்துடும்.

இன்னொரு நம்பர் சிசிஏ, கோல்ட் கிராங்கிங் ஆம்ப்ஸ். மைனஸ் 18 டிகிரி குளிர்ல முப்பது செகண்டு பேட்டரி எவ்ளோ ஆம்பியர் தள்ளும்னு பாக்கிற டெஸ்ட் அது. நம்ம ஊர்ல மைனஸ் 18 ஐஸ் ஃபேக்டரிலதான் இருக்கும், ஆனாலும் பைப் எவ்ளோ அகலம்னு தெரிஞ்சுக்க அந்த நம்பர்தான் இருக்கு. உங்க பழைய பேட்டரியோட சிசிஏக்கு கம்மியா வாங்காதீங்க. லிட்டர் கணக்குல இன்ஜின் இருக்கிற ஹார்லி மாதிரி வண்டிக்கு இது ரொம்ப முக்கியம், 1746 சிசி, ரெண்டே ரெண்டு சிலிண்டர், ஒவ்வொண்ணும் நம்ம ஆல்டோ இன்ஜின் சைஸுக்கு இருக்கு, அந்த பிஸ்டன முதல் தடவ மேல தள்றதுக்கே ஸ்டார்ட்டர் திணறும்.

இப்ப என் பேட்டரி செத்த கதை. திருட்டு பயத்துல வண்டில ஒரு ஜிபிஎஸ் ட்ராக்கர் மாட்டியிருந்தேன், நேரா பேட்டரில இருந்து கனெக்ஷன். வண்டி நின்னாலும் அது 20 மில்லி ஆம்பியர் மாதிரி குடிச்சிட்டே இருக்கும். சும்மா சின்னது தானேன்னு தோணும். ஒரு நாளைக்கு 0.48 ஏஹெச். பழைய 12 ஏஹெச் பேட்டரியா இருந்தா காலியாக 25 நாள் ஆகும், லித்தியத்துல நிஜமா இருந்தது நாலுதான், எட்டே நாள்ல தொடச்சு வச்சாச்சு. நான் ஊர்ல விசேஷம்னு திருநெல்வேலி போயி மூணு வாரம் இருந்துட்டு வந்தேன். வந்து மீட்டர் வச்சுப் பாத்தா 3 வோல்ட். லெட் ஆசிட் இவ்ளோ காலியானாலும் சிலது சார்ஜ் போட்டா முனகிக்கிட்டாவது எழுந்துக்கும். லித்தியம் ஒரு செல்லுக்கு 2.5 வோல்ட்டுக்கு கீழ, அதாவது மொத்தம் 10 வோல்ட்டுக்கு கீழ இறங்கக் கூடாது, ரொம்ப கீழ போனா உள்ள இருக்கிற செம்புத் தகடே கரைய ஆரம்பிக்கும், அதுக்கப்புறம் சார்ஜ் பண்றது ஆபத்தும் கூட. போச்சு.

இதுல சோகம் என்னன்னா தனியா கழட்டி வச்சா லித்தியம் லெட் ஆசிட்ட விட ரொம்ப நாள் தாங்கும், தானா இறங்கறது ரொம்பக் கம்மி. லெட் ஆசிட் சும்மா கெடந்தா சல்பேட் படிஞ்சு கெட்டுப்போகும், லித்தியத்துல அந்தப் பிரச்சினையே இல்ல. சிங்கப்பூர்ல துபாய்ல வேலை பாத்துட்டு வருஷத்துக்கு ரெண்டு தடவ ஊருக்கு வந்து வண்டி எடுக்கிறவங்களுக்கு உண்மையில இது நல்ல சாய்ஸ், ஆனா கிளம்பும்போது நெகட்டிவ் டெர்மினல கழட்டிட்டுப் போகணும். ஒரு ஸ்பேனர், ரெண்டு நிமிஷம். அந்த ரெண்டு நிமிஷத்துக்கு சோம்பேறித்தனப்பட்டுத்தான் நான் காச விட்டேன்.

ஃபாக் லைட் பார்ட்டிகளுக்கும் இதே கணக்குதான். 40 வாட் லைட் ரெண்டு மாட்டி இன்ஜின ஆஃப் பண்ணிட்டு டீக்கடைல கத அடிச்சா 80 வாட், ஆறு ஆம்பியருக்கு மேல, நாலு ஏஹெச் நாப்பது நிமிஷம் கூட தாங்காது. டீ ரெண்டாவது ரவுண்டு வர்றதுக்குள்ள வண்டி தள்ளணும், அதுவும் இருநூறு கிலோவுக்கு மேல.

அடுத்தது சார்ஜிங். பெரிய டேங்க் பொறுமையான ஆளு, சார்ஜிங் வோல்டேஜ கட்டுப்படுத்தற ரெகுலேட்டர் கொஞ்சம் முன்ன பின்ன குடுத்தாலும் சமாளிச்சுக்கும். லித்தியத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. நாலு செல்லு, ஒவ்வொண்ணுக்கும் 3.65 உச்சம், மொத்தம் 14.6. வண்டில மாட்டறதுக்கு முன்னாடி ஒரு மல்டிமீட்டர் எடுத்து பழைய பேட்டரி டெர்மினல்ல வச்சு, இன்ஜின் ஓட விட்டு, நாலாயிரம் ஐயாயிரம் ஆர்பிஎம் வரைக்கும் முறுக்கிப் பாருங்க. 13.6ல இருந்து 14.6க்குள்ள நிக்கணும். 15ஐ தொட்டா ரெகுலேட்டர் சரியில்ல, முதல்ல அத மாத்துங்க, அது வரைக்கும் லித்தியம் பக்கம் போகாதீங்க. பழைய வண்டிய ரீஸ்டோர் பண்ணி ஓட்டறவங்க இத கண்டிப்பா பாக்கணும்.

இங்கதான் பிஎம்எஸ் வருது. நாலு குடத்த வரிசையா வச்சு ஒரே குழாய்ல நிரப்புற மாதிரி யோசிங்க, நாலும் அச்சு அசலா ஒரே அளவு இருக்காது, ஒண்ணு முதல்ல நிரம்பி வழிய ஆரம்பிக்கும், மத்தது இன்னும் முக்கால்ல இருக்கும். பிஎம்எஸ்ங்கற சின்ன சர்க்யூட் போர்டு அந்த நாலையும் தனித்தனியா பாத்துக்கும், வழியறத தடுக்கும், ரொம்ப காலியானா கனெக்ஷன துண்டிச்சுடும். மலிவு பேட்டரில இது இருக்காது, இல்லன்னா பேருக்கு சமன் பண்ற வேலை மட்டும் பண்ணும், என்னோட முதல் பேட்டரி அந்த ரகம், காலியாகும்போது துண்டிக்கிற வசதி இருந்திருந்தா தப்பிச்சிருக்கும். பிஎம்எஸ்லயும் ஒரு சிக்கல் இருக்கு, ஓடிட்டு இருக்கும்போது ஓவர் வோல்டேஜ்னு அது பேட்டரிய துண்டிச்சுட்டா, ஸ்டேட்டர் அனுப்பற கரண்டுக்கு போற எடம் இல்லாம வோல்டேஜ் எகிறும், ஈசியூவுக்கு அது நல்லதில்ல. அதனால பிஎம்எஸ் இருக்குன்னு ரெகுலேட்டர் செக்க விட்டுடாதீங்க.

வீட்ல இருக்கிற பழைய பேட்டரி சார்ஜரையும் மாட்டாதீங்க. அதுல சிலதுல சல்பேட்ட கரைக்கிற மோடு இருக்கும், அதிக வோல்டேஜ்ல துடிப்பு துடிப்பா அனுப்பும், ஈயத்துக்கு மருந்து, லித்தியத்துக்கு விஷம். லித்தியம் மோடு இருக்கிற சார்ஜரே வாங்கிக்கோங்க.

மீட்டர் ரீடிங்லயும் ஒரு பொறி இருக்கு. லெட் ஆசிட்ல 12.7 காட்டினா ஃபுல்லு, எல்லாருக்கும் மனப்பாடம். லித்தியத்துல ஃபுல்லுன்னா நின்ன வண்டில 13.3க்கு மேல காட்டும், பாதி காலியானப்புறமும் 13.1, 13.2ன்னு கல்லு மாதிரி நிக்கும், 12.8க்கு வரும்போதே அடில கொஞ்சம்தான் பாக்கி. "அண்ணே 12.6 இருக்கு, பேட்டரி நல்லாதான் இருக்கு"ன்னு மெக்கானிக் சொன்னா அவரு ஈய கணக்குல சொல்றாரு.

குளிர் விஷயத்த ஊட்டி, லடாக் போறவங்களுக்காக சொல்றேன், சென்னைல இருக்கிறவங்க தாவிடலாம். குளிர்ல லித்தியம் அயனிகள் மெதுவா நகரும், பைப் சுருங்கிப்போற மாதிரி. காலைல முதல் தடவ அமுக்கினா செத்த மாதிரி முனகும். பயப்படாதீங்க, சாவிய போட்டு பாஸ் லைட்டோ இன்டிகேட்டரோ ஒரு நிமிஷம் எரிய விடுங்க, கரண்ட் ஓடினா பேட்டரி உள்ளயே சூடாகும், அப்புறம் அமுக்குங்க, விட்டுட்டு மறுபடி அமுக்குங்க. வேடிக்கை என்னன்னா ஈய பேட்டரி ஒவ்வொரு முயற்சிக்கும் சோர்ந்து போகும், லித்தியம் ரெண்டாவது மூணாவது முயற்சிக்குத்தான் தெம்பாகும். ஆனா ஜீரோ டிகிரிக்கு கீழ சார்ஜர்ல போடக் கூடாது, லித்தியம் உள்ள போகாம மேலயே உலோகமா படியும், அது திரும்பாத சேதம். போர்ஷே 2009ல 911 ஜிடி3 காருக்கு லித்தியம் ஸ்டார்ட்டர் பேட்டரி ஆப்ஷனா அறிவிச்சப்ப, குளிர் காலத்துக்குன்னு கூடவே ஒரு சாதா பேட்டரியும் குடுத்தாங்க. அவங்களுக்கே அப்படின்னா பாத்துக்கோங்க.

நமக்கு குளிர விட வெயில்தான் பிரச்சினை. சூடு ஈய பேட்டரிக்கும் எமன், நம்ம ஊர்ல மூணு நாலு வருஷத்துல அது போறதுக்கு அதுவும் ஒரு காரணம். லித்தியம் பெரும்பாலும் 60 டிகிரி வரைக்கும்னு போட்டிருப்பாங்க, மே மாசம் மவுண்ட் ரோடு டிராஃபிக்ல பின் சிலிண்டர் பக்கத்துல பேட்டரி இருக்கிற வண்டில அந்த அளவு ஒண்ணும் ரொம்ப தூரத்துல இல்ல. உங்க வண்டில பேட்டரி எங்க உக்காந்திருக்குன்னு பாத்துட்டு வாங்குங்க.

அப்ப யாருக்குத்தான் இது? 2017ல வந்த ஹோண்டா ஃபயர்பிளேடு எஸ்பி, டுகாட்டி பனிகாலே வி4 எஸ் மாதிரி வண்டிகள்ல கம்பெனியே லித்தியம் வச்சுத்தான் தர்றான், அங்க ஒவ்வொரு நூறு கிராமுக்கும் காசு கொட்டறாங்க, ரேஸ் டிராக்ல மூணு கிலோ கொறஞ்சா தெரியும். ரோட்ல ஓட்டற நமக்கு? இருநூறு கிலோவுக்கு மேல இருக்கிற இன்டர்செப்டர்ல மூணு கிலோ கொறைக்கிறதுக்கு நான் ராத்திரி பரோட்டாவ விட்டாலே போதும், காசும் மிச்சம். முந்நூறு கிலோவ தாண்டின ஹார்லில கேக்கவே வேணாம். வெயிட்டுக்காக மட்டும் வாங்காதீங்க, அதான் என் கருத்து. வாரத்துக்கு ரெண்டு தடவையாவது ஓட்டறீங்க, வண்டில கண்டத மாட்டல, சார்ஜிங் சரியா இருக்குன்னா வாங்கலாம், ஸ்டார்ட் ஆகற வேகமே தனி சுகம், அமுக்கினதும் "சர்"னு சுத்தும். அலாரம், ட்ராக்கர், ஃபாக் லைட்னு கல்யாண மண்டபம் மாதிரி வண்டிய வச்சிருக்கிறவங்க சத்தமில்லாம லெட் ஆசிட்லயே இருங்க.

மாட்டும்போது டப்பா சின்னதா இருந்தா கூட குடுக்கிற ஸ்பாஞ்ச வச்சு ஆடாம டைட் பண்ணுங்க, பிளஸ் மைனஸ் எந்தப் பக்கம்னு பழைய பேட்டரியோட ஒப்பிட்டுப் பாத்துட்டு வாங்குங்க, மாத்திக் குடுத்தா ஒரு நொடில கதை முடிஞ்சுது. கழட்டும்போது முதல்ல நெகட்டிவ், மாட்டும்போது கடைசில நெகட்டிவ்.

நான் இப்ப ரெண்டாவது லித்தியம் போட்டிருக்கேன், பிஎம்எஸ் ஒழுங்கா இருக்கிறது, ட்ராக்கர கழட்டி தம்பி ஸ்கூட்டில மாட்டியாச்சு. ஒரே ஒரு பிரச்சினைதான் பாக்கி. பழைய ஈய பேட்டரிய குடுத்தப்ப கடைக்காரர் எக்ஸ்சேஞ்ச்னு காசு கொறச்சாரு, ஈயத்த உருக்கி மறுபடி பேட்டரி ஆக்கிடுவாங்க. செத்த லித்தியத்த கொண்டு போனா அவரு தொடவே மாட்டேங்கறாரு, பழைய இரும்புக் கடைக்காரரும் வேணாங்கறாரு. 2022ல வந்த பேட்டரி கழிவு விதிப்படி தயாரிக்கிறவங்கதான் திரும்ப வாங்கி ரீசைக்கிள் பண்ணணும், லித்தியமும் அதுல அடக்கம், குப்பைல போடக் கூடாது. "கம்பெனி ஆள் வந்தா குடுத்து விடறேன்"னு கடைக்காரர் சொல்லி மூணு மாசமாச்சு, டெர்மினல் ரெண்டுலயும் இன்சுலேஷன் டேப் சுத்தி மொட்ட மாடி ஷெட்ல வச்சிருக்கேன், அம்மா துணி காயப்போட போகும்போதெல்லாம் "இது வெடிக்காதுல்ல?"ன்னு கேட்டுட்டுத்தான் இறங்கி வர்றாங்க.